மழைக்கோட் வாங்கப் போன மாப்பிள்ளை

கல்முனை பசாரில் ஒரு புடைவைக்கடையின் நடுவில் நான் அண்ணாந்து நிற்கிறேன். என் தலைக்கு மேலே ஒரு மஞ்சள் மழைக்கோட் தொட்டில் மாதிரி விரிந்திருக்கிறது. ஒரு பக்கத்தைக் கடைச் சிப்பந்தியும் மறுபக்கத்தை என் மாமாவின் தோணியை நடத்தும் இஸ்மாலெப்பைத் தண்டயலும் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். கடை முதலாளி கதிரையில் ஏறி நின்று, கேத்தலில் இருந்து தண்ணீரை அதற்குள் ஊற்றுகிறார்.

கீழே நின்று ஒழுகுகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு.

முதலில் பார்த்த நீலக் கோட் நேராக என் கண்ணுக்குள் ஒழுகியிருந்தது. அதைச் சுருட்டி ஒரு மூலையில் எறிந்துவிட்டு இதை எடுத்தார்கள். கேத்தல் வெறுமையாகியும் இதில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. புது ரப்பர் வாசனையும் முதலாளி பூசியிருந்த அத்தர் வாசனையும் சேர்ந்து எனக்குத் தலையைச் சுற்றியது.

"பாத்தீங்களா தம்பி? கடலே உள்ளுக்குப் பூந்தாலும் ஒரு சொட்டு வெளிய வராது!" என்றார் முதலாளி.

அவர் சொன்னதில் எங்கோ கோளாறு இருக்கிறது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. "பன்னிரண்டு தாங்க" என்றேன்.

போன வாரம் என் கலியாண விருந்துகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, சம்மாந்துறையில் இருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். "பெண் வீட்டில் சாப்பிட்டதைத் தவிர நீங்கள் வேறு ஒன்றுமே செய்யவில்லையா?" என்று கேட்கிறார். செய்தேன் சகோதரி. மழைக்கோட் வாங்கினேன். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

சும்மா இருந்த மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். நான் இறக்காமத்து விவசாயக் குடும்பம். வயலும் குளமும் தெரியும். கடலைப் பெருநாளுக்குப் பார்த்ததோடு சரி. நஜிமாவைக் கட்டிக்கொண்டு சாய்ந்தமருதில் வந்து குடியிருந்தபோது, அலைச் சத்தத்தில் முதல் பத்து நாட்கள் எனக்குச் சரியான நித்திரை இல்லை.

கல்முனையில் ஒரு கந்தோரில் லிகிதர் வேலை. அது பெரிய காரியம் என்று நான் நினைத்திருந்தேன். மாமா வீட்டில் அதை யாரும் வேலையாகவே எடுக்கவில்லை. உட்கார்ந்துகொண்டு செய்வதெல்லாம் அவர்களுக்கு ஓய்வுதான். மாமி காலையில் இடியப்பம், பின்னேரம் வட்டிலப்பம் என்று தட்டு மாற்றித் தட்டு வைப்பார். நான் சாப்பிடுவேன். மாமா கடலுக்குப் போய் நனைந்து வருவார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வட்டிலப்பம் நன்றாக இருந்ததும் உண்மை.

மாமாவிடம் ஒரு கரைவலை இருந்தது. தோணியில் ஆறு பேர் போய் வலையைக் கடலில் வளைத்து விடுவார்கள். அந்தத் தோணியை நடத்துகிறவர்தான் தண்டயல். பிறகு கரையில் இருபது பேர் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரை சேர்ப்பார்கள். ஆள் குறைந்தால் வலை வராது.

அந்த வருடம்தான் பிரச்சினை தொடங்கியது. வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய காலம். எங்களுக்கு வடக்கே வலை போடும் முதலாளி, தன் ஆட்களுக்குத் தார் நிறத்தில் தடித்த மழைக்கோட் வாங்கிக் கொடுத்துவிட்டார். மாமாவின் ஆட்கள் ஐப்பசித் தூறலில் வெறும் மேலோடு நின்று அதைப் பார்த்தார்கள். ஒரு வாரம் பார்த்தார்கள். பிறகு கூட்டமாக வீட்டுக்கு வந்தார்கள்.

"முதலாளி, கோவிச்சுக்காதீங்க. எங்களுக்கும் கோட் வேணும். இல்லாட்டி நாங்க வடக்கு வலைக்குப் போவம்."

கீரிமீன் கூட்டம் கரைக்கு வருகிற நாட்கள் அவை. இன்னும் மூன்று நான்கு வாரத்தில் மாரிக் கடல் கொந்தளித்துவிடும். அதற்குள் பிடிப்பதுதான் மாரி முழுவதும் வீட்டுச் சோறு. ஆட்கள் போய்விட்டால் வலை மணலில் கிடந்து காய வேண்டியதுதான்.

அவர்கள் போன பிறகு மாமா என்னைப் பார்த்தார். "மருமகன் படிச்சவர். நீங்க போய்ப் பாத்து, நல்லதா, மலிவா வாங்கிட்டு வாங்க" என்றார். அந்த வீட்டில் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் காரியம். எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது.

கோட் பார்க்கிற விதம்

இந்த இடத்தில் மழைக்கோட் வாங்குவது பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உதவும்.

தடித்த ரப்பர் கோட் மழையை நன்றாகத் தடுக்கும். ஆனால் விலை அதிகம், பாரமும் அதிகம். உள்ளே வேர்க்கிற வேர்வையில், மழைக்கு நனைவதை விட மோசமாக நனைவோம். மெல்லிய பிளாஸ்ரிக் கோட் மலிவு. கயிறு ஒரு முறை உரசினால் கிழிந்துவிடும். தையல் இருக்கிற இடம்தான் முதலில் ஒழுகும், அதனால் தோள்மூட்டையும் கக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். அமத்துப் பட்டன் இருந்தால் உப்புக்காற்றுக்கு ஒரு மாதத்தில் துருப்பிடித்து, கழற்ற முடியாமல் கோட்டோடு படுக்க வேண்டி வரும்.

இவை எல்லாம் இஸ்மாலெப்பைத் தண்டயல் பஸ்ஸில் வரும்போது எனக்குச் சொன்னவை. அவர் வாய் ஓயாத மனிதர். தோணிக்காரர் ஆறு பேருக்கும் கோட்டே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"கோட்டோட தண்ணிக்குள்ள விழுந்தா நீந்த ஏலாது தம்பி. நேரா மையவாடிக் குழிதான். நாங்க நனைஞ்சிட்டே போறம். கரையில நிக்கிறவனுக்கு வாங்குங்க."

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவன் சவூதிக்குப் போய் இரண்டு வருடம் கழித்து வந்தான். வாப்பாவுக்கு என்ன கொண்டுவந்தான் தெரியுமா? மழைக்கோட்! மழையே கண்டிராத நாட்டில் அதை யார் விற்றார்கள், இவன் எப்படி வாங்கினான் என்று ஊரே யோசித்தது. வாப்பா அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஒரு நாள் சந்தைக்குப் போனார். மகன் கொண்டுவந்த சாமானை ஊர் பார்க்க வேண்டுமே!

கல்முனையில் நாங்கள் ஆறு கடை ஏறி இறங்கினோம். தார் நிறக் கோட் கைக்கு எட்டாத விலை. நீலம் ஒழுகியது. மஞ்சள் ஒழுகவில்லை, மெல்லியதுமில்லை, விலையோ பாதி. ஏன் பாதி என்று கேட்டேன். "அந்தக் கலரை ஒருத்தரும் எடுக்கிறாங்க இல்ல" என்றார் முதலாளி ஒளிக்காமல்.

தண்டயல் கோட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "கண்ணக் குத்துது" என்றார். மழைக்குள் நிறமா முக்கியம் என்று நான் கேட்டேன். அவரும் சரி என்றார். கடலிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கும் அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஒரு ஆறுதல்.

ஆதம்பாவா காக்காவின் துணி

மறுநாள் வியாழக்கிழமை. சுபஹுத் தொழுகை முடிந்ததும் நானும் கரைக்குப் போனேன். என் கோட்டுகளைக் கடற்கரையில் பார்க்க எனக்கு ஆசை. காசு பன்னிரண்டுக்குத்தான் போதியதால், கரையில் நிற்கிறவர்களில் வயதில் மூத்த பன்னிரண்டு பேர் போட்டுக்கொண்டார்கள். கை நீண்டவருக்குக் கட்டையாகவும் கை கட்டையானவருக்கு நீளமாகவும் இருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் சந்தோஷம். வடக்குப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

கரைவலையில் மீனைப் பார்க்கிறவர் தோணியில் இருப்பதில்லை. அவர் கரையில், மணல்மேட்டில் நிற்பார். அங்கிருந்துதான் மீன் கூட்டம் கடலில் கறுப்பாக நகர்வது தெரியும். எங்கள் வலைக்கு அது ஆதம்பாவா காக்கா. எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். அறுபது வயது, பருந்துக் கண். கையில் ஒரு வெள்ளைத் துணி வைத்திருப்பார். துணியை இடது பக்கம் வீசினால் தோணி அந்தப் பக்கம் போக வேண்டும். வலது பக்கம் வீசினால் இந்தப் பக்கம். தலைக்கு மேலே சுழற்றினால் வலையைப் போடு என்று அர்த்தம். கடலில் சத்தம் கேட்காது, அதனால் அந்தத் துணிதான் பேச்சு.

இந்த விஷயம் எனக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தோணி வெளியே போய்க் காத்து நின்றது. தெற்கிலிருந்து பெரிய கீரிக் கூட்டம் ஒன்று மெல்ல வந்துகொண்டிருந்தது. மேலே பறவைகள் இரைந்தன. அப்போதுதான் மழை இறங்கியது. நானும் ஒரு கோட்டை இரவல் வாங்கிப் போட்டு, அதன் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் தன் கோட்டின் கைக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது என்று கழற்றிக் காட்டினார்.

"இது ஒரு வேலையா? தாங்க" என்று வாங்கினேன். தண்ணீர் போவதற்காகத் தலைக்கு மேலே தூக்கி நன்றாகச் சுழற்றினேன்.

மணல்மேட்டில் ஆதம்பாவா காக்கா இரண்டு கைகளையும் தூக்கிக் குதிப்பது தெரிந்தது. வாய் அசைந்தது. தொப்பிக்குள் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கோட் நன்றாக இருக்கிறது என்று பாராட்டுகிறார் போல என்று நினைத்து, சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாகச் சுழற்றினேன்.

தோணியில் இஸ்மாலெப்பை வலையைப் போட்டுவிட்டார்.

சொறியும் சாதாளையும்

போட்ட வலையைத் திரும்ப எடுக்க முடியாது. இழுத்துத்தான் ஆக வேண்டும். இருபது பேரும் இழுத்தார்கள். நானும் கயிற்றைப் பிடிக்கப் போனேன். "நீங்க நில்லுங்க" என்று ஒருவர் மரியாதையாகச் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

வலையின் மடி கரைக்கு வந்தபோது அதற்குள் பட்டால் அரிக்கிற சொறிமீனும் சாதாளை என்கிற கடற்பாசியும் ஒரு கூடை பொடி மீனும் இருந்தன. கீரிக் கூட்டம் அப்படியே வடக்கே போய், தார் நிறக் கோட்காரர்கள் மழைக்கு முன்னரே வளைத்து விட்டிருந்த வலைக்குள் விழுந்தது. அவர்களுடைய சத்தம் மழையையும் தாண்டிக் கேட்டது.

ஆதம்பாவா காக்கா மேட்டிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. புது மாப்பிள்ளையை ஏசக்கூடாது என்று வாயை அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"தம்பி, உங்கட ஊரில மீன எப்பிடிப் பிடிக்கிற?" என்று மட்டும் கேட்டார்.

"குளத்தில தூண்டில் போடுவம் காக்கா."

"அல்லாஹ்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு மாமி சோற்றுக்கு ஆணம் ஊற்றி வைத்தார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நான் சோற்றை மிச்சம் வைத்தேன். நஜிமா அதைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

பள்ளிவாசல் வாசலில்

வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை. வலை மாறுகிறவர்கள் ஜும்மா முடிந்து பள்ளிவாசல் வாசலில் முதலாளியைக் கண்டு, கைகொடுத்துச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். மாமா அன்று தொழுகை முடிந்தும் வெளியே வர நேரம் எடுத்தார். ஏன் என்று எனக்குத் தெரியும். நான்தான் காரணம்.

வாசலில் எல்லோரும் நின்றார்கள். யாரும் கைகொடுக்க முன்னால் இஸ்மாலெப்பைத் தண்டயல் வாயைத் திறந்தார்.

"ஒரு கத சொல்லுறன் முதலாளி. நேத்து மழையில ஆதம்பாவா நிண்ட மேடே எனக்குத் தெரியல்ல. துணி எங்க தெரியிற? எந்த வருசமும் அப்பிடித்தான். அதாலதானே மழ கொட்டினா எல்லா வலையும் சும்மா கிடக்கு. ஆனா இவர் சுத்தின மஞ்சள் இரிக்கே, மெய்யாத்தான் சொல்லுறன், கண்ணுக்கு முன்னுக்கு நிண்டு சுத்தினாப்போல தெரிஞ்சிச்சி."

ஆதம்பாவா காக்கா மெல்லத் திரும்பிப் பார்த்தார். "அப்ப என்ட கையில ஒரு மஞ்சள் கோட் இரிந்தா?"

"மழையிலயும் வலை போடலாம். ஆனா கரையில பன்னிரண்டு மஞ்சள் நிண்டா நான் எதப் பாக்குற? ஒண்டுதான் இரிக்கணும்."

"அப்ப நாங்க திரும்பவும் நனையிறதா?" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "வடக்கால கோட் தாறாங்க."

மாமா நிமிர்ந்தார். "ஒரு நாள் தாங்க. சனிக்கிழம சுபஹுக்குப் பிறகு கரைக்கு வாறவங்க வாங்க. வராதவங்கள நான் கோவிக்க மாட்டன்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. கைகொடுக்காமல் எல்லோரும் கலைந்து போனார்கள். அது ஓமா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நஜிமா கேட்ட கேள்வி

வீட்டுக்கு வந்தால் குசினியில் நஜிமா அரிசி கொட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வாப்பா இறக்காமத்திலிருந்து சிறுபோக அரிசி அனுப்பியிருந்தார், இரண்டு யூரியாப் பைகளில். வெளியே வெள்ளைச் சாக்கு, உள்ளே தடித்த பிளாஸ்ரிக் பை. வெறும் பையைத் தூக்கி உதறியவள் என்னைப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, உங்கட ஊரில மழைக்கு வயல்ல என்ன போடுற?"

நான் தலையைச் சொறிந்தேன். "அது... சும்மா ஒண்டு..."

"என்ன சும்மா?"

சொன்னேன். பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளித் தலையில் மாட்டுவோம். முதுகை மூடி முழங்கால் வரைக்கும் தொங்கும். கை இரண்டும் வெளியே இருக்கும், வேலை செய்யலாம். காது திறந்திருக்கும், யானை வந்தால் கேட்கும். வேர்க்காது, பாரம் இல்லை. கிழிந்தால் இன்னொன்று. வயல் வரம்பில் நான் பத்து வயதிலிருந்து போட்டது அதுதான்.

நஜிமா பையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அரிசிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இத வாய்க்குள்ள வெச்சிக்கிட்டா கல்முனைக்குப் போய்க் கோட் வாங்கின நீங்க?"

ஓம். வெட்கம்தான். கடற்கரை ஊரில் வந்து, பெண் வீட்டாருக்கு முன்னால் உரப்பையைத் தலையில் மாட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாட்டுப்புறத்தான் என்று நினைப்பார்களே என்று பயந்தேன். கோட் என்றால் கௌரவம். அந்தக் கௌரவம்தான் கீரிக் கூட்டத்தை வடக்குக்கு அனுப்பியது.

உடனே ஆதம்பாவா காக்காவுக்கு ஒன்றை விட்டுவிட்டு, கரையில் காயப்போட்டிருந்த மற்றப் பதினொரு மஞ்சள் கோட்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு இறக்காமத்துக்கு மிதித்தேன். வயல் காவல் பரணில் இருக்கிறவர்களுக்குக் கோட்டைக் கொடுத்து, வீடு வீடாக உரப்பை வாங்கினேன். மஞ்சள் நிறத்தைக் கண்டால் யானை ஓடுமா, அல்லது கிட்ட வந்து பார்க்குமா என்று அங்கே பெரிய விவாதம் கிளம்பியது. முடிவு வரும்வரை நிற்க எனக்கு நேரமில்லை. மஃரிப் தொழுகைக்குள் முப்பது பையோடு திரும்பிவிட்டேன்.

உரம் தோலில் பட்டால் எரியும், அதனால் மூன்று தண்ணீரில் அலசினோம். காற்றுக்குப் பறக்காமல் தாடைக்குக் கீழே முடிச்சுப் போடுவதற்கு நஜிமாவும் மாமியும் பழைய வலை நூலில் வார் தைத்தார்கள். மாமா பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"வாங்கினாங்க" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை

சுபஹு முடியும்போதே மழை கொட்டியது. நானும் மாமாவும் கரைக்குப் போனோம். தோணி கிடந்தது. வலை கிடந்தது. ஆதம்பாவா காக்கா மாத்திரம் ஒற்றை மஞ்சள் கோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். வடக்குக் கரையில் மனித நடமாட்டமே இல்லை. இப்படிக் கொட்டும் மழையில் யார் வலை போடுவார்கள்?

மாமா கடலைப் பார்க்கவில்லை. ஊர்ப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் இறக்காமத்து பஸ்ஸில் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தென்னந்தோப்புக்குள் இருந்து ஒரு வெள்ளைப் பை வந்தது. பின்னால் இரண்டு. பிறகு நாலைந்து சேர்ந்து. யூரியா என்ற எழுத்து சிலருக்கு முதுகிலும் சிலருக்குத் தலைகீழாகவும் இருந்தது. மாமா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து இருபதில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு மூக்கைச் சீந்தினார்.

இஸ்மாலெப்பைத் தண்டயல் தோணிக்காரரோடு வந்ததும் வராததுமாகக் கத்தினார்.

"மாப்பிள்ளை எங்க? இந்தக் கோட்டு ஒரு பாரம். ஆதம்பாவாட தோள் கழண்டிடும். அவர் மீனப் பாக்கட்டும், இவர் சுத்தட்டும். சுத்துறதுக்கு இவர விட்டா இந்தக் கரையில வேற ஆர் இரிக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆதம்பாவா காக்காவும் சிரித்தார். நான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மணல்மேட்டில் ஏறினேன்.

அரை மணித்தியாலம் அவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். "வலத்தால" என்றார், வீசினேன். "போதும்" என்றார், நிறுத்தினேன். "இப்ப" என்றார். சுழற்றினேன். சுழற்றிய சுழற்றில் ஒரு பட்டன் தெறித்துப் போனது. மழைக்குள் மங்கலாகத் தோணி திரும்பி வலை விழுவது தெரிந்தது.

மடி கரைக்கு வந்தபோது கீரி துள்ளிய துள்ளலில் முன்னால் நின்றவர்களின் உரப்பை எல்லாம் செதிலாகிவிட்டது. வழக்கப்படி மீனைப் பங்கு பிரித்தார்கள். வலைக்கு, தோணிக்கு, தண்டயலுக்கு, மீன் பார்க்கிறவருக்கு, இழுத்தவர்களுக்கு. எல்லாம் முடிந்த பிறகு இஸ்மாலெப்பை குனிந்து, கடைசியில் இன்னொரு சின்னக் குவியல் வைத்தார்.

"இது ஆருக்கு?" என்று மாமா கேட்டார்.

"கோட்டுப் பங்கு" என்றார்.

மீனை ஓலையில் கோத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நஜிமா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "வாப்பா தந்த மீனா?" என்று கேட்டாள்.

"இல்ல புள்ள" என்றேன். "என்ட மீன்."